பால் பல் விழும் வயதில் கிளிப் தேவையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கும் வாரத்திலிருந்தே பல் மருத்துவமனைகளின் விளம்பரங்கள் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களிலும் தெருமுனைப் பதாகைகளிலும் பெருகிவிடுகின்றன. முன்பெல்லாம் அவற்றில் கல்லூரி மாணவியரின் படங்கள் இருக்கும். இப்போது ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் படங்களே கூடுதலாகக் கண்ணில் படுகின்றன. பள்ளிகளில் நடக்கும் இலவசப் பல் பரிசோதனை முகாம்களும் இதனுடன் சேர்ந்துகொள்ள, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையில் "பற்கள் வரிசையில் இல்லை, கிளிப் தேவை" என்ற ஒற்றை வரிச் சீட்டு வீட்டுக்கு வந்து சேர்கிறது. அரசு மருத்துவமனையில் பல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம் அக்கம்பக்கத்தார் இத்தகைய சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. என்ன குறை, எத்தனை மில்லிமீட்டர், இப்போதே சரிசெய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றில் ஒன்றுகூட அவற்றில் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த ஒரு வரியை நம்பி, பல பத்தாயிரம் ரூபாய் திரட்ட நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் தாய்மார்களைப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

பால் பற்களும் நிரந்தரப் பற்களும் வாயில் கலந்திருக்கும் 6 முதல் 12 வயது வரையிலான பருவத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுக் கிளிப் தேவைப்படுவதில்லை. முறையான ஒரு பரிசோதனையும், அதன்பின் ஆண்டுக்கொரு முறை மருத்துவரின் பார்வையும் அவர்களுக்குப் போதும். ஆனால் சில குறைகள் இந்த வயதிலேயே கவனிக்கப்பட வேண்டியவை; அவற்றைத் தள்ளிப்போட்டால் பின்னால் பெரிய சிகிச்சை தேவைப்படும். எந்தப் பிள்ளை முதல் வகை, எந்தப் பிள்ளை இரண்டாம் வகை என்பதைப் பிரித்துச் சொல்லாத எந்தச் சீட்டும் பெற்றோருக்கு அச்சத்தைத் தருமே தவிர வழி காட்டாது.

விளம்பரங்கள் பலவும் '7 வயதிலேயே' என்ற சொற்றொடரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம், ஒரு பிள்ளை 7 வயதுக்குள் பல்சீரமைப்பு நிபுணரிடம் ஒரு முறையேனும் காட்டப்பட வேண்டும் என்று பரிந்துரைப்பது உண்மைதான். அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களும் சில முன்பற்களும் முளைத்திருக்கும் என்பதால், மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை ஓரளவு கணிக்க முடியும். பார்த்துக் குறித்து வைப்பதற்காகச் சொல்லப்பட்ட வயது அது. அதையே சிகிச்சை தொடங்கும் வயதாகப் பெற்றோர் புரிந்துகொள்ளும்படி விளம்பரம் எழுதுவது நேர்மையாகாது.

பெற்றோரை மிகவும் கலங்கவைப்பது மேல் முன்பற்களுக்கு இடையே விழும் இடைவெளி. எட்டு வயதுப் பிள்ளை சிரிக்கும்போது நடுவிலுள்ள இரண்டு பெரிய பற்களும் விலகி நிற்கும். அவற்றின் பக்கத்துப் பற்கள் வெளிப்புறமாக விசிறிபோல விரிந்திருக்கும். அந்த நேரத்தில் மேல் கோரைப் பற்கள் இன்னும் எலும்புக்குள், மூக்கின் இருபுறமும், மிக உயரத்தில் இருக்கின்றன. அவை கீழிறங்கி வரும்போது பக்கத்துப் பற்களின் வேர்களை நடுப்பக்கமாக நெருக்குகின்றன. வேர் உள்ளே தள்ளப்படுவதால் பல்லின் தலைப்பகுதி வெளியே சாய்கிறது. பெரும்பாலும் 11 அல்லது 12 வயதில் கோரைப் பல் ஈறைத் துளைத்து வெளிவரும்போது நெருக்கம் வேரிலிருந்து தலைப்பகுதிக்கு மாறுகிறது. சாய்ந்திருந்த பற்கள் நிமிர்கின்றன. சுமார் 2 மி.மீ. வரையிலான இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. பிராட்பென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1937இலேயே விவரித்துவிட்ட இயல்பான வளர்ச்சிக் கட்டம் இது. இந்நிலையில் அவசரப்பட்டுக் கம்பி கட்டிப் பற்களை நிமிர்த்த முயன்றால், பக்கத்துப் பல்லின் வேர் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப் பல்லின்மேல் மோதிக் கரைந்துபோகும் ஆபத்து உண்டு. இடைவெளி அதைவிட அகலமாக இருந்தாலோ, கோரைப் பற்கள் வந்தபின்னும் மூடாவிட்டாலோ, நடுவில் ஒரு கூடுதல் பல் எலும்புக்குள் ஒளிந்திருக்கிறதா, பக்கத்துப் பல் உருவாகவே இல்லையா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கீழ் வரிசையில் வேறொரு காட்சி. ஆறு ஏழு வயதில் பால் பல் விழுவதற்கு முன்பே அதன் பின்னால் நிரந்தரப் பல் முளைத்து, இரட்டை வரிசை போலத் தோன்றும். பால் பல் ஆடத் தொடங்கியிருந்தால் அது விழும்வரை பொறுத்திருக்கலாம். ஆடாமல் பிடிவாதமாக நின்றால் அந்தப் பல்லை மட்டும் எடுத்துவிடலாம். இடம் இருக்குமானால் நாக்கின் தள்ளலே பின்னால் முளைத்த பல்லை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். எட்டு வயதில் கீழ் முன்பற்களில் ஓரிரு மில்லிமீட்டர் நெருக்கடி இருப்பதும் இயல்பே. பால் கடைவாய்ப் பற்கள் தமக்குப் பதிலாக வரப்போகும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை என்பதால், கோரைப் பல்லும் அவையும் மாறி முடிந்ததும் கீழ்த் தாடையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 1.7 மி.மீ. மிச்சம் கிடைக்கிறது. அந்த மிச்ச இடத்தை வீணாக்காமல் காத்துக்கொண்டாலே பல பிள்ளைகளின் சிறு நெருக்கடி தீர்ந்துவிடும்.

இனி, காத்திருக்கக் கூடாதவற்றுக்கு வருகிறேன். மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் அந்தக் கீழ்ப்பல் முன்னால் இடிபட்டு அதன் ஈறு கீழிறங்கத் தொடங்கும். இதைச் சில மாதங்களுக்குள், பெரும்பாலும் கழற்றி மாட்டும் எளிய தட்டு ஒன்றினாலேயே சரிசெய்துவிட முடியும். பிள்ளை வாயை மூடும்போது கீழ்த் தாடை ஒரு பக்கமாக நகர்ந்து போய்ப் பொருந்துகிறதா என்பதைப் பெற்றோரே நேர் எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படி நகர்ந்தால் மேல் தாடை குறுகியிருக்கக்கூடும், அதை வளரும் வயதிலேயே விரித்துவிடுவது நல்லது. கீழ்த் தாடை முழுவதுமாக முன்னால் வந்து மேல் பற்களை மூடும் பிள்ளைகளுக்கு மேல் தாடையை முன்னிழுக்கும் சிகிச்சை 10 வயதுக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மேல் நடுப்பல் ஒன்று முளைத்து ஆறு மாதங்கள் கடந்தும் அதன் மறுபக்கத்து இணைப்பல் வராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். பத்து வயதில் மேல் ஈறின் வெளிப்புறத்தில் விரலால் தடவினால் கோரைப் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அது அண்ணத்தின் பக்கமாகத் திசைமாறிப் போயிருக்கலாம். பால் கோரைப் பல்லைத் தக்க காலத்தில் எடுத்துவிடுவதாலேயே திசைமாறிய பல் பல சமயம் சரியான பாதைக்குத் திரும்புகிறது. தவறவிட்டால் பின்னாளில் அறுவை செய்து இழுத்து வரவேண்டியிருக்கும்.

விரல் சூப்பும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று நான்கு வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் நிலையான பாதிப்பு இருப்பதில்லை. நிரந்தர முன்பற்கள் முளைக்கும் வயதிலும் அது தொடர்ந்தால்தான் மேல் பற்கள் முன்தள்ளி, வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுகிறது. விரலில் வேப்பெண்ணெய் தடவுவதாலும் அடிப்பதாலும் பிள்ளை ஒளிந்துகொண்டு சூப்புமே தவிர விடாது. அன்பாகப் பேசி, உறங்கும் நேரத்தில் கவனித்து, பிள்ளையின் சம்மதத்தோடு விடவைப்பதே பயன் தருகிறது. எப்போதும் வாயைத் திறந்தபடி மூச்சுவிடும், இரவில் குறட்டைவிடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதை அடைத்திருக்கும்போது பல்லை மட்டும் இழுத்துக் கட்டுவதால் பயனில்லை.

முன்தள்ளிய மேல் பற்களைப் பற்றித்தான் மருத்துவ உலகில் நெடுங்காலம் விவாதம் நடந்தது. எட்டு ஒன்பது வயதில் ஒரு சிகிச்சையும் பிறகு பதின்பருவத்தில் மீண்டும் ஒன்றுமாக இரு கட்டமாகச் செய்வது நல்லதா, பதின்பருவத்தில் ஒரே கட்டமாக முடிப்பது நல்லதா என்ற கேள்விக்கு விடை காண, அமெரிக்காவின் வட கரோலினா, புளோரிடா பல்கலைக்கழகங்களிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த மதிப்பாய்வின் முடிவு தெளிவானது: முன்கூட்டியே தொடங்கிய பிள்ளைகளுக்கு முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது, மற்றபடி இறுதியில் பற்களின் அமைப்பில் அவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே, மேல் பற்கள் வெகுவாக முன்தள்ளி, உதடு மூடாமல், ஓடியாடி விழுந்தெழும் பிள்ளைக்கு முன்கூட்டிய சிகிச்சை நியாயமானது. சற்றே முன்தள்ளியிருக்கும் பிள்ளைக்கு வளர்ச்சி வேகம் பிடிக்கும் பருவம்வரை பொறுத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

பொறுத்திருப்பதைச் சோம்பல் என்று எண்ண வேண்டியதில்லை. முழுக் கிளிப் வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வாயில் இருக்கும். கழற்றிய பிறகு பற்கள் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்கப் பிடிப்புத் தட்டை நெடுங்காலம் அணிய வேண்டும். எட்டு வயதில் தொடங்கி, மீண்டும் பன்னிரண்டில் தொடங்கும் பிள்ளைக்குப் பொறுமை தீர்ந்துவிடுகிறது. கம்பியைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காத பற்களில், கழற்றும் நாளில், சுண்ணாம்பு வெள்ளையாகத் தேய்ந்த தழும்புகள் தெரிகின்றன. இரண்டு கட்டணங்களையும் குடும்பமே கட்டுகிறது. இணையத்தில் மருத்துவர் பார்வையின்றி வாங்கி இரவில் பிள்ளை வாயில் வைக்கும் ரப்பர் தட்டுகளைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

கிளிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நம் வீடுகளில், பிற்காலத்தில் கிளிப் தேவைப்படுவதற்கான பெரிய காரணம் ஒன்று அன்றாடம் அலட்சியப்படுத்தப்படுகிறது. அது பால் பல் சொத்தை. "பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது" என்ற பேச்சை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். பால் முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும் என்பது சரியே. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியவை. ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. இரவில் சர்க்கரை கலந்த பால் புட்டியோடு உறங்கவைத்த பிள்ளைக்கும், மாலைதோறும் பிஸ்கெட்டும் ஒட்டும் மிட்டாயும் தின்ற பிள்ளைக்கும் ஐந்து வயதிலேயே அந்தப் பற்கள் குழிந்து சீழ் வைக்கின்றன. வலி பொறுக்காமல் பிடுங்கிவிட்டு, வலி நின்றதும் வீடு திரும்பிவிடுகிறார்கள். காலியான இடத்தை நோக்கி, பின்னாலிருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் மெல்லச் சாய்ந்து முன்னேறுகிறது. நான்கு ஐந்து ஆண்டுகள் கழித்து உரிய பல் முளைக்க வரும்போது வாசல் அடைபட்டிருக்கும். அது கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ பிதுங்கி வருகிறது. இப்போது கிளிப் உண்மையிலேயே தேவை.

இதைத் தடுப்பதற்குச் சிக்கலான கருவி எதுவும் வேண்டாம். சொத்தையை ஆரம்பத்திலேயே அடைக்கலாம். வேர்ச் சிகிச்சை செய்து பால் பல்லுக்கு உறை போடலாம். பிடுங்கியே ஆக வேண்டுமெனில், பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் அதிலிருந்து நீளும் கம்பியுமாக இடம் காக்கும் கருவியைப் பொருத்தலாம். முழுக் கிளிப்பின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பால் பல்லுக்கு இவ்வளவு செலவா என்று தயங்கிய குடும்பங்களே பின்னர் பன்னிரண்டு வயதில் பெருந்தொகையோடு வந்து நின்றதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

இதைவிடவும் வருத்தமானது ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் கதி. அது எந்தப் பால் பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், வெற்றிடத்தில், சத்தமில்லாமல் முளைக்கிறது. பல் எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். ஒன்பது வயதில் அது சொத்தையானதும் "பிடுங்கிவிடுங்கள், புதிது வரும்" என்கிறார்கள். அந்த இடத்தில் இனிப் பல் முளைக்காது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் அதிர்ச்சி தவிர்க்கக்கூடியது. முதல் வகுப்பில் சேர்க்கும் ஆண்டில் பிள்ளையின் வாயில் விளக்கடித்துப் பார்த்து, கடைசியாக நிற்கும் பெரிய பல்லுக்குத் தனியாகப் பிரஷ் போகிறதா என்று கவனித்தாலே போதும்.

சமூக அழுத்தத்தையும் பேசாமல் விட முடியாது. பெண் பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருக்கிறதே, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று எட்டு வயதுச் சிறுமியின் எதிரிலேயே உறவினர் பேசுவதுண்டு. அந்தப் பேச்சு அவள் பல்லைவிட அவள் மனத்தை வளைத்துவிடுகிறது. வகுப்பில் கேலிக்கு ஆளாகி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளையின் துன்பம் உண்மையான மருத்துவக் காரணமே. பிள்ளையே விரும்பிக் கேட்டால் அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும். உறவினரின் வாய்க்குப் பயந்து தொடங்குவது வேறு. மறுபக்கம், உண்மையில் இடப்பற்றாக்குறை உள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கம்பி கட்ட வேண்டும் என்று நிபுணர் சொல்லும்போது, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. தேவையில்லாத வயதில் அவசரமும், தேவைப்படும் வயதில் பயமுமாக நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்.

அளவுகோல் இல்லாமல் இதைத் தீர்மானிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1989இல் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட பல்சீரமைப்புத் தேவைக் குறியீடு, குறைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. மேல் பற்கள் 6 மி.மீ.க்கு மேல் முன்தள்ளியிருந்தால் நான்காம் நிலை, 9 மி.மீ.க்கு மேல் என்றால் ஐந்தாம் நிலை. அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவையில் 18 வயதுக்குட்பட்டோரில் நான்காம், ஐந்தாம் நிலையினருக்கும், மூன்றாம் நிலையில் தோற்றக் குறை கூடுதலாக உள்ளவர்களுக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. மற்றவர்களுக்கு மருத்துவ அவசியம் குறைவு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். நம் பெற்றோரும் தங்கள் மருத்துவரிடம், என் பிள்ளை இந்தக் குறியீட்டில் எந்த நிலை என்று கேட்கலாம். பல்சீரமைப்பில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு முடித்தவரா என்று கேட்பதிலும் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஒரு வருடம் பொறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் பல்சீரமைப்புக்குத் தனித்துறை உண்டு, அங்கே இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

பள்ளிக்கல்வித் துறைக்கும் பொது சுகாதாரத் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆர்.பி.எஸ்.கே. என்ற பெயரில் 2013 முதல் நடந்துவரும் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வரும்போது பற்களையும் பார்க்கின்றன. சொத்தையோடு நிறுத்தாமல், ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல் முளைத்துவிட்டதா, பால் கடைவாய்ப்பல் எதுவும் முன்கூட்டியே போய்விட்டதா, முன்பல் பின்னால் மாட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் பிள்ளையின் பரிசோதனை அட்டையில் குறித்துக்கொடுக்க அவர்களால் முடியும். கண்ணாடியும் விளக்கும் இருந்தால் போதும். தனியார் முகாம்களுக்கு அனுமதி தரும் தலைமையாசிரியர்கள், வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் குறையின் பெயர், அளவு, காத்திருக்கலாமா கூடாதா, காத்திருக்கலாம் என்றால் எந்த மாதத்தில் மீண்டும் காட்ட வேண்டும் என்ற நான்கும் எழுதப்பட வேண்டும் என்பதை முன்னிபந்தனையாகவே வைக்கலாம். எந்தப் பல் எந்த வயதில் விழும், எது எந்த வயதில் முளைக்கும் என்ற அட்டவணையை உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் ஒருமுறை வெளியிட்டால், அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கும் வீடுகள் பல இருக்கும். அட்டவணையைத் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு பல் மருத்துவர்,
மன்னார்குடி.